மீன் குடலால் வந்த நோய் அல்ல அது
பாம்பன் கரையில் கிடக்கும் மீன் குடலைத் தின்றதால்தான் இங்கே தன் இழப்பை எழுதியிருக்கும் அக்காவின் இறந்துபோன இளம்பூனைக்கு இரத்தப் புற்று வந்தது என்றும், அது வீட்டுக் குழந்தைகளுக்கும் தொற்றும் என்றும் மேலே ஒருவர் எழுதியிருப்பது தவறு. மருத்துவர் கண்டறிந்த பூனை லுகேமியா என்னும் அந்த நோய், 1964இல் வில்லியம் ஜாரெட் குழுவினர் அடையாளம் கண்ட வைரசால் வருவது. பூனைகள் ஒன்றையொன்று நக்குவதாலும் ஒரே தட்டில் உண்பதாலும் எச்சில் வழியாகவும், தாயிடமிருந்து குட்டிக்கும் அது பரவுகிறதே தவிர, மீனிலிருந்து வருவதில்லை. பச்சைக் குடலால் வயிற்றில் புழு வரலாம். அது வேறு பேச்சு. மனிதருக்கு இந்நோய் தொற்றியதாகச் சான்று இல்லை. உடலில் நிலைத்துவிட்ட தொற்றை அகற்றும் மருந்து இன்றுவரை கிடையாது என்பதால், முன்பே மதுரைக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்கும் என்று, கடைசிவரை அதை மடியில் வைத்துப் பார்த்தவரிடம் சொல்வது பெருங்கொடுமை. அக்கா, வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் அவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.