கொத்தனார் வேலைக்குச் சித்தாள் கூலி: பள்ளிக் கட்டடங்களும் பி.எல்.ஏ.வும்

எங்கள் பள்ளி மாவட்டத்தில் பாண்ட் ஓட்டெடுப்பு, அதாவது பள்ளிக் கட்டடங்களுக்காகக் கடன் பத்திரம் வெளியிட்டு, அதைச் சொத்து வரியிலிருந்து அடைக்கலாமா என்ற ஓட்டெடுப்பு, ஜெயித்து ஆறு மாதம் ஆகப்போகிறது. அந்தப் பணத்தில் நடக்கும் பெரிய வேலைகளுக்கெல்லாம் பிராஜெக்ட் லேபர் அக்ரிமென்ட், அதாவது எல்லாத் தொழிற்சங்கங்களோடும் முன்கூட்டியே போடும் பி.எல்.ஏ. ஒப்பந்தம், கட்டாயம் என்று தீர்மானம் போடலாமா வேண்டாமா என்று இப்போது பள்ளி மாவட்டத்தின் நிர்வாகக் குழுவான போர்டு யோசித்துக்கொண்டிருக்கிறது. போன வாரம் நம் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் ஒரு அண்ணா, "சொத்து வரி கட்டுவது நாம், யூனியன்காரர்களுக்கு எதற்கு அள்ளிக் கொடுக்க வேண்டும்?" என்று எழுதியிருந்தார். நிறைய பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். குழுவில் நீளமாக எழுத முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். பன்னிரண்டு வருடமாக லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கட்டுமானத் துறையில் எஸ்டிமேட்டராக, அதாவது வேலைக்கு ஆகும் செலவைக் கணக்குப் போடுபவனாக, இருக்கிறேன். கட்டாயம் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடலாம். ஒரு பள்ளி கட்டினால் எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர், இரும்பு கட்டுபவர், கூரை போடுபவர் என்று பத்துப் பதினைந்து தொழில்காரர்கள் வருவார்கள். ஒவ்வொரு யூனியனுக்கும் தனி ஒப்பந்தம், அது முடியும் தேதி வேறு, லீவு வேறு, ஷிப்ட் வேறு. பி.எல்.ஏ. என்பது வேலை தொடங்கும் முன்பே எல்லோரையும் ஒரே ஒப்பந்தத்தின் கீழ் கொண்டுவருவது. வேலை நிறுத்தம் கிடையாது, கதவடைப்பு கிடையாது, தகராறு வந்தால் நடுவரிடம் போக வேண்டும். இது புதிய யோசனை ஒன்றும் இல்லை, 1930களில் கிராண்ட் கூலி அணை கட்டும்போதே இப்படி ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். யூனியனில் இல்லாத கம்பெனி டெண்டரே போட முடியாது என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார், அது தவறு. 2011ல் வந்த கலிஃபோர்னியா சட்டப்படி, அரசு அமைப்புகள் போடும் பி.எல்.ஏ.வில் யூனியன், யூனியன் அல்லாத கம்பெனி என்று பார்க்காமல் தகுதியுள்ள எல்லோருக்கும் இடம் தர வேண்டும்.

"யூனியன் கூலி அதிகம்" என்ற வாதத்துக்கு வருகிறேன். இங்கே அரசுப் பள்ளி வேலை என்றாலே, பி.எல்.ஏ. இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாநில அரசு நிர்ணயிக்கும் கூலியைத்தான் கொடுக்க வேண்டும். காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. அந்தக் காகிதத்தைத் தயாரிக்கும் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

இந்தத் துறைக்கு வந்த புதிதில் ஒரு சின்ன எலக்ட்ரிகல் சப் காண்ட்ராக்டரிடம் வேலை. கோடை விடுமுறையில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு முழுக்க விளக்குகள் மாற்றினோம், பி.எல்.ஏ. இல்லாத வேலை. வாராவாரம் சம்பளப் பட்டியல் தயாரித்து, இது உண்மை என்று உறுதிமொழியோடு கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அதில் பெயர் பெயராக, என்ன தொழில், எத்தனை மணி நேரம் என்று இருக்கும். ஐம்பது வயது தாண்டிய ஒருவர் இருந்தார், பத்தடி ஏணி மேல் நின்று கூரைப் பலகையை நகர்த்திவிட்டு, கான்டியூட் பைப்பை அளவு பார்த்து வளைத்து, வயர் இழுத்து, ஜங்ஷன் பாக்ஸில் முடிச்சுப் போடுவார். அவ்வளவு சுத்தமான வளைவு, இரண்டாவது முறை தொட வேண்டியிருக்காது. பட்டியலில் அவர் பெயருக்கு நேரே "லேபரர்" என்று இருந்தது. இது தப்பாக இருக்கிறதே என்று கேட்டேன், கொடுத்ததை டைப் செய் என்றார்கள். செய்தேன். பதினொரு வாரம் செய்தேன். இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

நம் ஊரில் வீடு கட்டிய எல்லோருக்கும் இது புரியும். கொத்தனார் வேலையை வாங்கிக்கொண்டு சித்தாள் கூலி கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? அதைத்தான் அந்தப் பட்டியல் செய்தது, அதுவும் நம் வரிப்பணத்தில். இதை மாநில அரசு பிடிக்காதா என்றால், யாராவது புகார் கொடுத்தால் பிடிக்கும். வேலை போய்விடும், சிலருக்கு விசா பிரச்சினை வேறு வரும் என்ற பயத்தில் இருப்பவர் எங்கே புகார் கொடுப்பார்? பி.எல்.ஏ. உள்ள சைட்டில் பெரும்பாலும் ஆள் யூனியன் ஹாலில், அதாவது வேலைக்கு ஆள் அனுப்பும் யூனியன் அலுவலகத்தில், இருந்து வருவார், வரும்போதே இவர் எலக்ட்ரீஷியன், இவர் இரண்டாம் வருட அப்ரென்டிஸ் (பயிற்சியில் இருப்பவர்) என்று சீட்டோடு வருவார். சைட்டிலேயே யூனியனின் பிரதிநிதியாக ஸ்டூவர்ட் ஒருவர் இருப்பார், அவரிடம் போய்ப் பேசலாம். ஏமாற்றவே முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதருக்கு அன்று கேட்க ஒரு ஆள் இருந்திருப்பார்.

இதற்கும் பிள்ளைகளுக்கும் சம்பந்தம் இருக்கிறது. 1933 மார்ச் 10 மாலை லாங் பீச் நிலநடுக்கத்தில் 70 பள்ளிகள் இடிந்தன, இன்னும் 120 பள்ளிகளுக்குப் பலத்த சேதம். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள், அதனால்தான் பிழைத்தார்கள். விழுந்த செங்கல் சுவர்களில் மட்டமான சாந்தும் மோசமான வேலையும் பல இடங்களில் தெரிந்தன. ஒரே மாதத்தில் ஃபீல்ட் சட்டம் வந்தது. இன்றைக்கும் கலிஃபோர்னியாவில் அரசுப் பள்ளிக் கட்டடத்துக்கு மாநிலம் தனியாக வரைபடத்தைச் சரிபார்க்கிறது, சைட்டில் இன்ஸ்பெக்டர் வேண்டும். அவர் கம்பியைப் பார்ப்பார், கான்கிரீட்டைப் பார்ப்பார். அதைக் கட்டியவர் பயிற்சி பெற்றவரா, அவருக்கு உரிய கூலி போனதா என்று பார்ப்பது அவர் வேலை அல்ல.

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டம் 1999லிருந்து இந்த மாதிரி ஒப்பந்தத்தோடுதான் கட்டுகிறது. அப்போது அங்கே இட நெருக்கடி, பிள்ளைகள் பஸ்ஸில் ஏறித் தூரத்துப் பள்ளிகளுக்குப் போனார்கள், பல பள்ளிகள் வருடம் முழுக்கச் சுழற்சி முறையில் நடந்தன. அதன் பிறகு 130க்கு மேல் புதிய பள்ளிகள் கட்டினார்கள். வேலையாட்களில் பாதிப் பேர் மாவட்டத்துக்குள் வசிப்பவர்களாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 2024 நவம்பரில் இன்னொரு 900 கோடி டாலர் பாண்டுக்கு மக்கள் ஓட்டுப் போட்டார்கள்.

சரி, செலவு. இதில் எதிர்த்தரப்பு சொல்வதைத் தள்ளிவிட முடியாது. நியூ ஜெர்சி தொழிலாளர் துறை 2010ல் வெளியிட்ட அறிக்கையில், 2008 நிதியாண்டில் முடிந்த பள்ளி வேலைகளில் பி.எல்.ஏ. உள்ளவை சதுர அடிக்கு 30 சதவீதம் அதிகம் செலவானது என்று இருக்கிறது. ஆனால் பி.எல்.ஏ. பொதுவாகப் பெரிய, நகர்ப்புற, சிக்கலான வேலைகளுக்குத்தான் போடப்படும். பெரிய ஹைஸ்கூலையும் ஊர்ப்புற ஆரம்பப் பள்ளியையும் பக்கத்தில் வைத்து விலை கேட்டால் விடை அப்படித்தான் வரும். மாசசூசெட்ஸ் பள்ளிகளை எடுத்து, கட்டடத்தின் தன்மையையும் கணக்கில் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்களுக்கு பி.எல்.ஏ.வால் செலவு கூடியதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. இன்னொரு பக்கம், லாஸ் ஏஞ்சலஸ் குறைந்த வருமான வீடுகளைப் பற்றி ராண்ட் ஆய்வு நிறுவனம் 2021ல் செய்த ஆய்வு 14.5 சதவீதம் கூடியது என்கிறது. அது வீடு, பள்ளி இல்லை. இருந்தாலும் அதை நான் பொருட்படுத்துகிறேன், ஏனென்றால் டெண்டர் போடும் மேசையில் உட்கார்ந்தவனுக்குக் காரணம் தெரியும்: பி.எல்.ஏ. என்றதும் சில சின்னக் கம்பெனிகள் ஒதுங்கிவிடுகின்றன. ஐந்து பேர் போட்டிபோடும் இடத்தில் மூன்று பேர் என்றால் விலை ஏறும்.

அவர்கள் ஒதுங்குவதிலும் நியாயம் இருக்கிறது. பத்து வருடம் கூடவே இருக்கும் தன் ஆட்களை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, ஹாலில் இருந்து முகம் தெரியாதவர்களை எடு என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? அப்புறம் அந்த ஆட்களின் பென்ஷன். பணம் யூனியன் நிதிக்குப் போகும், ஆனால் பொதுவாக ஐந்து வருட சர்வீஸ் இல்லாவிட்டால் அதிலிருந்து அவர்களுக்கு ஒன்றும் வராது. ஒரு வேலைக்கு மட்டும் வந்து போகிறவருக்கு அது நஷ்டம்தான்.

அதனால் போர்டிடம் நான் கேட்பது இதுதான். பெரிய வேலைகளுக்குக் கட்டாயம் வையுங்கள், ஒரு கழிப்பறை மராமத்துக்கும் ஒரு வேலி அடிப்பதற்கும் வேண்டாம். சின்னக் கம்பெனி தன் ஆட்களில் சிலரை ஹால் ஆட்களோடு மாறி மாறிச் சேர்க்க வழி விடுங்கள், பல ஒப்பந்தங்களில் அது ஏற்கெனவே இருக்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியம், நம் ஹைஸ்கூலில் படித்து முடித்த பிள்ளைகளுக்கு அப்ரென்டிஸ் இடம் எத்தனை என்பதை எண்ணாகவே எழுதி, ஒவ்வொரு மூன்று மாதமும் பொதுவில் போடுங்கள். இங்கே நம்மவர்கள் தச்சு, எலக்ட்ரிகல் என்றாலே முகம் சுளிக்கிறோம். நான்கைந்து வருடம் சம்பளத்தோடு பயிற்சி, கடன் கிடையாது, மருத்துவக் காப்பீடு உண்டு. காலேஜுக்குக் கடன் வாங்கித் தவிக்கும் எத்தனையோ குடும்பங்களை எனக்குத் தெரியும்.

பாண்ட் பணத்தைக் கண்காணிக்கும் குடிமக்கள் குழு அடுத்த செவ்வாய் மாலை ஆறரைக்குக் கூடுகிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். இதே பட்டியல் விஷயத்தைத்தான் நான் பேசப்போகிறேன், அந்த ஏணியையும் சேர்த்து. வாட்ஸாப்பில் எழுதிய அண்ணாவும் வரட்டும், எதிர்த்தே பேசட்டும், பரவாயில்லை. வருகிறவர்கள் எனக்கு மெசேஜ் போடுங்கள், காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.