பட்டா யார் பெயரில்?

பெரியவர்: தம்பி, இந்தப் பழைய மேக்புக் ஏர் மடிக்கணினியைப் 18,000 ரூபாய் எண்ணிக் கொடுத்து வாங்கியவன் நான். ஆனால் உள்ளே இருக்கும் கணக்கு மென்பொருளைப் புதுப்பிக்கப் போனால், முன்பின் தெரியாத ஒருவருடைய மின்னஞ்சலைக் காட்டி, அவருடைய கடவுச்சொல்லை என்னிடம் கேட்கிறது.

கடைக்காரர்: அது முன்பு வைத்திருந்தவருடைய ஆப்பிள் ஐடி, ஐயா. ஆப் ஸ்டோரில் வாங்கிய மென்பொருள் வாங்கியவரின் ஐடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இயந்திரம் கைமாறினாலும் அது மாறாது.

பெரியவர்: அதாவது, வீட்டைக் கிரயம் செய்து கொடுத்த மனிதர் சமையலறையை மட்டும் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டார். சார்பதிவாளர் அலுவலக வாசலில் 38 ஆண்டுகள் பத்திரம் எழுதியவன் தலையிலேயே வில்லங்கச் சொத்தைக் கட்டிவிட்டார்கள். போகட்டும், பட்டா மாறுதலுக்கு எங்கே மனுக் கொடுக்க வேண்டும்?

கடைக்காரர்: பட்டா மாறுதலெல்லாம் கிடையாது, ஐயா. அதை அழித்துவிட்டு, உங்கள் ஐடியில் மறுபடியும் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

பெரியவர்: அவரும் கொடுத்தார், நானும் கொடுக்க வேண்டும். நாளைக்கு இதை நான் விற்றால்?

கடைக்காரர்: வாங்குகிறவரும் கொடுக்க வேண்டும்.

பெரியவர்: ஒரே மனையை மூன்று பேருக்கு விற்றவனை எங்கள் ஊரில் போலீஸ் தேடியது, தம்பி.

(கடைக்காரர் சிரிக்கவில்லை. இதே கேள்விக்கு அவர் அன்றைக்கு எத்தனையாவது முறையாகப் பதில் சொல்கிறார் என்பதை அவர் முகமே சொல்லியது.)

கடைக்காரர்: கணக்கு மென்பொருளைப் பிறகு பார்ப்போம். இதில் இருக்கும் இயங்குதளம் 2018இல் வந்த மொஹாவி. இது 2013ஆம் ஆண்டு இயந்திரம் என்பதால், 2020இல் வந்த பிக் சர் பதிப்பு வரைக்கும் ஏற்றலாம். அதற்குக் காசு வேண்டாம், இலவசம்.

பெரியவர்: இலவசம் என்றால் கொடு.

கடைக்காரர்: ஆப் ஸ்டோரில்தான் எடுக்க வேண்டும். ஆனால் பெயரைத் தட்டித் தேடினால் பழைய பதிப்பு வராது. ஆப்பிளின் உதவிப் பக்கத்தில் ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் ஆப் ஸ்டோர் அதைத் திறந்து காட்டும்.

பெரியவர்: சரக்கு கடையில் உண்டு, அலமாரியில் இல்லை. தெரிந்தவன் சொல்லி அனுப்பினால் மட்டும் உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்கள். சரி, அழுத்து.

கடைக்காரர்: அழுத்திவிட்டேன். பாருங்கள், இப்போது சிஸ்டம் பிரிஃபரன்சஸ் என்கிற அமைப்புப் பக்கத்துக்கு வந்துவிட்டது.

பெரியவர்: கடைக்குள் அல்லவா இருந்தோம்?

கடைக்காரர்: மொஹாவியிலிருந்து அப்படித்தான், ஐயா. ஆப் ஸ்டோரில் கேட்க வேண்டும்; ஆனால் இறங்குவது சிஸ்டம் பிரிஃபரன்சஸ் வழியாக இறங்கும்.

பெரியவர்: கடைக்குப் போய் அரிசி கேட்டால், ‘உங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் போய் நில்லுங்கள், அங்கே கொட்டுகிறோம்’ என்கிறான். அப்படியானால் கடை எதற்கு?

கடைக்காரர்: முன்பெல்லாம் இயங்குதளத்தை வட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2011 ஜூலையில் லயன் என்கிற பதிப்பு வந்தபோதுதான் முதன்முதலாக ஆப் ஸ்டோர் வழியாக விற்றார்கள், விலை 29.99 டாலர். இணைய வசதி குறைந்தவர்களுக்காக அதையே ஒரு பென்டிரைவில் போட்டு 69 டாலருக்கும் கொடுத்தார்கள். 2013இல் மேவரிக்ஸ் பதிப்பிலிருந்து இலவசமாகிவிட்டது.

பெரியவர்: காற்றில் விட்டால் 30, கையில் கொடுத்தால் 69. கைக்கு அவ்வளவு கூலியா?

கடைக்காரர்: ஐயா, இடம் போதவில்லை என்கிறது. கோப்பு 12 ஜிபிதான். ஆனால் ஏற்றுவதற்கு 35.5 ஜிபி காலியாக இருக்க வேண்டும்.

பெரியவர்: அது நியாயம்தான். நெல்லைத் தூற்றுவதற்குக் களம் வேண்டும். பேரனின் பிறந்தநாள் காணொளிகளை எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டுவிடு. அவை யார் பெயரில் இருக்கின்றன?

கடைக்காரர்: உங்கள் பெயரில்தான், ஐயா.

பெரியவர்: நல்லவேளை. அதற்காவது பட்டா இருக்கிறது.

(இறங்கி முடிய மாலையாகிவிட்டது. ‘இன்னும் 2 மணி நேரம்’ என்று காட்டியது ‘5 மணி நேரம்’ ஆகி, பிறகு ‘40 நிமிடம்’ ஆகி, அந்த 40 நிமிடத்திலேயே ஒன்றரை மணி நேரம் நின்றது.)

கடைக்காரர்: ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அழுத்திவிடுகிறேன், ஐயா.

பெரியவர்: கையை எடு. என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டாமா?

கடைக்காரர்: அதை யாரும் படிப்பதில்லை.

பெரியவர்: படிக்காத பத்திரத்தில் ஒருவரையும் கையெழுத்துப் போட விட்டதில்லை நான். இதோ பார், தொடக்கத்திலேயே சொல்லிவிட்டான்: இது உரிமமாகத் தரப்படுகிறது, விற்கப்படவில்லை. தம்பி, இது கிரயப் பத்திரமே இல்லை, வாடகை ஒப்பந்தம்! காலையிலிருந்து நான் பட்டா, பட்டா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீயும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே?

கடைக்காரர்: எனக்கே இப்போதுதான் தெரியும், ஐயா.

பெரியவர்: இதுவரைக்கும் எத்தனை பேருக்காக இந்தப் பொத்தானை அழுத்தியிருப்பாய்?

கடைக்காரர்: சர்வீஸுக்கு வருகிற எல்லோருக்கும் நான்தான் அழுத்துவேன். அவர்களுக்கு நேரம் மிச்சமாகுமே.

பெரியவர்: அத்தனை பேரும் உனக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா?

கடைக்காரர்: ஐயா, மணி எட்டாகிறது, நான் கடையை மூட வேண்டும்.

பெரியவர்: மூடிக்கொள், தம்பி. நான் இரண்டாம் பிரிவில்தான் இருக்கிறேன். விளக்கை மட்டும் எரியவிட்டுப் போ.