எட்டு ஆகாது என்பவர்களுக்கு 625001-ஐப் பற்றிக் கொஞ்சம்

மதுரையில் புது வண்டி எடுக்கிறவர்கள், டி.என். 58, 59, 64 என்று எந்த வரிசையில் நம்பர் விழுந்தாலும் முதலில் பார்ப்பது கூட்டுத்தொகையைத்தான். எட்டு வந்துவிட்டால் முகம் சுண்டிப்போகும். ஃபேன்சி நம்பருக்கென்று தனியாகப் பணம் கட்டுகிறவர்களும் உண்டு. அவரவர் காசு. ஆனால் “அந்த எண்ணோட குணமே அப்படித்தான்” என்று பேச ஆரம்பித்தால் எனக்குப் பொறுக்காது.

இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கத்தில் நிறுத்தினால் கிடைப்பது, அந்த எண்ணை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதி. மீதி இல்லையென்றால் ஒன்பது. வேறொன்றும் இல்லை. அதுவும் நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் வருவது. எட்டு எட்டாக எண்ணி எழுதினால் எட்டு என்ற இலக்கமே இருக்காது, பிறகு எங்கே போய்ப் பயப்படுவது? பசுமலையின் பின்கோடு 625004. கூட்டினால் 17, அதையும் கூட்டினால் எட்டு. பசுமலைக்காரர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

எண்ணுக்குக் குணம் என்று ஒன்று இருந்தால் அது பகாக் காரணிகளில் இருக்கிறது, அதாவது எந்தெந்தப் பகா எண்களைப் (ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடுபவை) பெருக்கினால் அந்த எண் வருகிறது என்பதில். எந்த முறையில் எழுதினாலும் அது மாறாது.

மீனாட்சியம்மன் கோயில் இருக்கும் 625001-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். (1972-ல் வந்த பின்கோடு முறை இது, முதலில் நிற்கும் 6 தமிழ்நாடு, கேரளப் பக்கத்துக்கு.) பார்த்தால் பகா எண் மாதிரி விறைப்பாக நிற்கும். 2, 3, 5, 7, 11 எதற்கும் பிடி கொடுக்காது. 13-ல் மாட்டிக்கொள்ளும்: 13 × 131 × 367. மூன்று வெவ்வேறு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை.

கிரேக்கர்கள் வேறு விதமாகத் தரம் பிரித்தார்கள். எண்ணை மீதியில்லாமல் வகுப்பவற்றில் அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கூட்டு. எண்ணுக்குச் சமமாக வந்தால் நிறைவெண். 6-ம் 28-ம் அப்படி. குறைந்தால் குறைவெண், மிஞ்சினால் மிகையெண். 625001-க்குத் தொகை வெறும் 55,063. பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. வைகைப் பாலத்தைத் தாண்டி வடகரைக்குப் போனால் தல்லாகுளம், 625002. அது 2 × 3 × 7 × 23 × 647. தொகை 8,67,990! ஒன்றே ஒன்று கூடியதற்கு இந்தப் பாடு. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்குப் பொதுவான பகாக் காரணி ஒன்றுகூட இருக்க முடியாது என்பதால், பக்கத்து வீட்டை வைத்து இந்த வீட்டைச் சொல்லவே முடியாது.

கே.புதூரின் 625007 அசல் பகா எண். அதன் வர்க்கமூலம் 790-ஐச் சற்றே தாண்டுகிறது. அதுவரை உள்ள பகா எண் எதுவும் அதை வகுக்கவில்லை.

எனக்குப் பிடித்தது மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் 625021. அது 617 × 1013, இரண்டுமே பகா எண்கள். பெருக்கச் சொன்னால் பள்ளிப் பிள்ளை ஒரு நிமிஷத்தில் பெருக்கிவிடும். விடையைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லிப் பாருங்கள். 2, 3, 5 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் 113-வது பகா எண்ணில்தான் 617 வரும். 1977-ல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் மூவரும் அமைத்த, கணினித் தகவலை ரகசியமாகப் பூட்டும் ஆர்.எஸ்.ஏ. முறை இந்தச் சிரமத்தை நம்பித்தான் நிற்கிறது. இன்று புழக்கத்தில் உள்ள 2048 பிட் (0, 1 மட்டும் வைத்து எழுதினால் 2048 இலக்கம்) சாவியின் எண்ணை நம் முறையில் எழுதினால் 617 இலக்கம் வரும். இங்கேயும் 617 வந்தது தற்செயல்; அதற்கு அர்த்தம் கேட்டு யாரும் இன்பாக்ஸுக்கு வரவேண்டாம்.