பெர்ட் தேதி கெடு தேதி அல்ல

பெர்ட் (PERT) என்பது கட்டட வேலை எப்போது முடியும் என்பதை, மூன்று கால மதிப்பீடுகளை வைத்துக் கணிக்கும் முறை. "பெர்ட் போட்டுத் தேதி எடுத்து, செலவில் 10 சதவீதம் தனியாக ஒதுக்கிவிட்டால் ரிஸ்க் கவர் ஆகிவிடும்" என்று ஒரு சார் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி.

பெர்ட் கொடுப்பது சராசரி. வேளச்சேரியில் பேஸ்மென்ட் தோண்ட, எல்லாம் சரியாக நடந்தால் 20 நாள், வழக்கமாக 30, தண்ணீர் ஊறி மண் சரிந்தால் 70 என்று வையுங்கள். 20, நான்கு முறை 30, அப்புறம் 70; கூட்டி ஆறால் வகுத்தால் 35. அந்த 35 நாளில் வேலை முடியாமல் போகிற வாய்ப்பு கணிசமாகவே இருக்கிறது. அதையே வாடிக்கையாளருக்குக் கெடுவாகச் சொல்வது சூதாட்டம்.

இன்னொரு சிக்கல். ஒன்றையொன்று சாராத மூன்று வேலைகள், ஒவ்வொன்றும் நேரத்தில் முடிய 50 சதவீத வாய்ப்பு. மூன்றும் முடிந்தால்தான் அடுத்த கட்டம் என்றால் வாய்ப்பு 12.5 சதவீதம். சாதாரண பெர்ட் கணக்கு நீளமான ஒரு பாதையை மட்டும் பார்ப்பதால் இது கண்ணில் படாது. மழையில் மூன்றும் சேர்ந்தே நிற்கும், அது வேறு கணக்கு.

ஒதுக்கிய பணம் பம்ப் வாடகைக்கு உதவும், போன நாட்களைத் திருப்பித் தராது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. தெரிந்த விஷயம்தானே? அதை எதிர்பாராத செலவில் எழுதாமல் காலண்டரிலேயே கழியுங்கள். தோண்டும் வேலையை ஜனவரிக்குத் தள்ள முடிந்தால் இன்னும் நல்லது. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 6-வது பிரிவு வெள்ளம், புயல் போன்றவற்றுக்கு நீட்டிப்பு தருகிறது. வழக்கமான ஐப்பசி மழையைக் காட்டி அதைக் கேட்பது கஷ்டம்.