ஹக்கிமுல்லாவுக்குப் பிறகும் பேச்சு நடந்தது

"ஹக்கிமுல்லா மெஹ்சூதை அமெரிக்க ட்ரோன் கொன்றதோடு பாகிஸ்தான் தாலிபானுடனான பேச்சு முடிந்தது, அதன்பின் யாரும் பேசவே இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டாம் பாதி தவறு.

பாகிஸ்தான் அரசை எதிர்த்துப் போரிடும் அந்த அமைப்பின் தலைவரான ஹக்கிமுல்லா, 2013 நவம்பர் 1 அன்று பாகிஸ்தானின் வடக்கு வசீரிஸ்தானில் கொல்லப்பட்டார். பேச்சுக்கான அரசுத் தூதுக்குழு மறுநாள்தான் கிளம்புவதாக இருந்தது. அமைதி முயற்சியையே கொன்றுவிட்டார்கள் என்று உள்துறை அமைச்சர் நிசார் அலி கான் கொதித்தார். அடுத்துத் தலைவரான ஃபஸ்லுல்லா பேச்சுக்கே எதிரி. ஆக, அடி பலமாகத்தான் விழுந்தது.

ஆனால் 2014 ஜனவரி இறுதியில் அப்போதைய பிரதமர் நவாஸ் ஷெரீஃப் பேச்சுக்கு நால்வர் குழுவை அறிவித்தார். பிப்ரவரியில் இரு தரப்புக் குழுக்களும் சந்தித்தன. மார்ச்சில் தாலிபான் ஒரு மாதப் போர்நிறுத்தம்கூட அறிவித்தது. இதில் கவனிக்க வேண்டியது, 2013 டிசம்பர் கடைசியிலிருந்து 2014 ஜூன் வரை பாகிஸ்தானில் ட்ரோன் தாக்குதலே நடக்கவில்லை. அப்படியும் பேச்சு முறிந்தது. பிடித்து வைத்திருந்த துணை ராணுவத்தினர் 23 பேரைக் கொன்றதாகத் தாலிபானின் மொஹ்மந்த் பகுதிப் பிரிவு பிப்ரவரியிலேயே அறிவித்திருந்தது. ஏப்ரலில் போர்நிறுத்தம் நீடிக்கவில்லை. ஜூன் 8 அன்று கராச்சி விமான நிலையத் தாக்குதல், ஒரு வாரத்தில் ராணுவ நடவடிக்கை.

ட்ரோனைத் திட்டக் காரணங்கள் நிறையவே இருக்கின்றன, நானும் திட்டுவேன். இந்த முறிவை மட்டும் அதன் கணக்கில் எழுத முடியாது.