பொன்னுருவி என்றால் என்ன அர்த்தம்?

தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது. வீட்டில் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு பெயர் தேடுகிறார்கள். நட்சத்திரத்துக்கு இந்த எழுத்தில் தொடங்க வேண்டும், கூட்டுத்தொகை இத்தனை வர வேண்டும், கூப்பிடச் சின்னதாக இருக்க வேண்டும். நானும் என் பெயரை அதில் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் ‘பொன் போன்றவள், அதிர்ஷ்ட எண் 5’ என்று வந்தது. இன்னொன்றில் என் பெயரே இல்லை, பொன்னரசியைக் காட்டியது. அன்றிலிருந்து மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

என் பெயர் பொன்னுருவி. 1986-இல் பிறந்தேன். பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். ஆற்காட்டிலிருந்து ஆரணி போகிற சாலையில் திமிரியைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். மாவட்டத்தை 1989-இல் இரண்டாக்கி, 2019-இல் வேலூரை மறுபடி மூன்றாக்கியதில் ஊர் இப்போது ராணிப்பேட்டைப் பக்கம் போய்விட்டது. நான் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் என்னை ‘நாயுருவி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வேலியோரம் முளைக்கிற செடி அது, நடந்து போனால் பாவாடையெல்லாம் அதன் விதை ஒட்டிக்கொள்ளும். அழுதிருக்கிறேன். ஒரு சான்றிதழில் என்னைப் ‘பொன். ரவி’ ஆக்கி, ஆண் என்றும் எழுதிவிட்டார்கள். அதைத் திருத்த நைனா மூன்று மாதம் அலைந்தார். கல்லூரியில் தமிழம்மா ஒருவர்தான் முதன்முதலாக, “பொன், உரு, பொன்னான உருவம் உடையவள், நல்ல பெயர்” என்று சொன்னார். பல வருஷம் அந்த அர்த்தத்தோடுதான் இருந்தேன்.

அப்புறம் வேலைக்குச் சேர்ந்த இடத்தில், செய்யாறு பக்கத்துப் பெரியவர் ஒருவர் என் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். “கர்ணன் பொண்டாட்டி பேரும்மா இது. தேரோட்டி மகன்னு புருஷனையே மதிக்காதவ. இத யாரு உனக்கு வச்சாங்க?” என்றார். அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் எனக்கு நெஞ்சு கனத்துத்தான் கிடந்தது. பிறப்பை வைத்து ஒரு மனிதனைத் தள்ளிவைத்தவள் பெயரையா எனக்கு வைத்தார்கள்?

தேட ஆரம்பித்தேன். வியாசர் பாரதத்தில் கர்ணனுக்கு மனைவியர் உண்டு, பிள்ளைகளும் உண்டு. பொன்னுருவி என்ற பெயர் கிடையாது. அவள் தமிழ்நாட்டுக் கூத்திலும் கதைப்பாட்டிலும் பிறந்தவள். ‘பொன்னுருவி மசக்கை’ என்று ஒரு கதைப்பாடலே பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சாகியிருக்கிறது. சிலர் பொன்னருவி என்றும் எழுதுகிறார்கள். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. அதில் கர்ணன் சாகிற கதையான கர்ண மோட்சம் நடக்கிற ராத்திரிதான் பொன்னுருவியின் ராத்திரி. இது எந்தப் பெயர்ப் பட்டியலிலும் இல்லை. ஆனால் திமிரி, கலவை, செய்யாறு, ஆரணிப் பக்கம் கூத்துப் பார்த்து வளர்ந்த வயசானவர்களைக் கேளுங்கள், படிக்காதவர்கள்கூடச் சொல்வார்கள்.

என் ஆயாவை, அதாவது பாட்டியை, கேட்டிருக்கலாம். எனக்குப் பெயர் வைத்தது அவர்தான். 2009-இல் தவறிவிட்டார். அதுவரை ஒரு நாள்கூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, இப்போது நினைத்தால் தொண்டை அடைக்கிறது. கடைசியில் பெரிய அத்தையிடம் கேட்டேன். அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“உங்கம்மா உன்ன முழுகாம இருக்கும்போது ஊர்ல கூத்து உட்டாங்க. ஆயா பாயி எடுத்துக்கினு போயி முன்னாடி குந்திக்கினாங்க. விடிஞ்சி வந்தாங்க, கண்ணெல்லாம் வீங்கிக் கெடக்குது. கர்ணன பெத்தவளுக்கு அவன் யாருன்னு தெரியும், கிருஷ்ணனுக்குத் தெரியும், கட்டிக்கினவளுக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லலியேன்னு ஒரே பொலம்பல். பொட்டப் புள்ள பொறந்தா இந்தப் பேருதான்னு அன்னிக்கே சொல்லிட்டாங்க.”

போன கோடையில் கர்ண மோட்சம் பார்க்கவென்றே ஊருக்குப் போனேன். சாயங்காலமே வேஷம் கட்டுகிற கொட்டகைக்குப் போய்விட்டேன். பொன்னுருவி வேஷம் கட்டுகிறவருக்கு ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். உள்ளங்கை அகலக் கண்ணாடியை முழங்காலில் சாய்த்து வைத்து, ஈர்க்குச்சியால் புருவம் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கர்ணனுக்குக் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் பெயரைச் சொன்னேன். அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று கும்பிட்டார். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை, நானும் கும்பிட்டேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு மேல்தான் அந்தக் கட்டம் வந்தது. மறுநாள் சாகப்போகிற கர்ணன் விடைபெற வருகிறான். அவள் முதுகைக் காட்டி நிற்கிறாள், முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரிக்கிறாள். அவன் தன் பிறப்பைச் சொல்லச் சொல்ல அந்த விரல்கள் நின்றுவிட்டன. முகவீணை என்கிற சின்ன ஊதுகுழல் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது. திரும்பியவள் அப்படியே மண்ணில் விழுந்து அவன் காலைப் பிடித்தாள். இவ்வளவு நாள் தெரியாமல் போச்சே என்று கதறின அந்த ஆம்பிளைக் குரல் உடைந்துபோனது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, பத்து ரூபாயைப் பேத்தி கையில் கொடுத்து, “அந்தம்மாகிட்ட குடு” என்றார். அந்தம்மா என்று சொன்னார்.

பிறப்பைப் பார்த்து அவனைத் தள்ளினது தப்புதான். ராஜகுமாரன் என்று தெரிந்த பிறகு காலில் விழுந்ததும் எனக்கு ஒப்பவில்லை. தேரோட்டி வளர்த்த பிள்ளையாகவே அவனை அவள் மதித்திருக்க வேண்டும். ஆனாலும் அவளிடம் ஒருத்தரும் உண்மை பேசவில்லை என்பதை ஆயா கவனித்திருக்கிறார். பள்ளிக்கூடமே போகாத ஒரு பெண் விடிய விடிய உட்கார்ந்து கேட்டு, அந்தப் பெண்ணுக்காக அழுது எடுத்துவந்த பெயர் இது. பொன்னான உருவம் என்ற அர்த்தமும் சரிதான், ஆனால் ஆயா அதை நினைத்து வைக்கவில்லை.

இங்கே மார்க்கபந்து என்று பெயர் உள்ளவர்கள் இருக்கிறார்கள். வெளியூரில் அந்தப் பெயரை இரண்டு தடவை கேட்பார்கள். விரிஞ்சிபுரத்துச் சாமி பெயர் அது, வழித்துணைநாதர். குடியாத்தம் பக்கம் கெங்கையம்மாள் என்றால் எந்த அம்மன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இந்தப் பெயர்களையெல்லாம் ‘பழசு’ என்று நாம் கைவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. உங்கள் வீட்டில் வயசானவர்கள் இருந்தால், உங்களுக்கு ஏன் இந்தப் பெயர் என்று இன்றைக்கே கேளுங்கள். நான் கேட்காமல் விட்டேன்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. ஆனால் தம்பி மனைவிக்கு அம்மா வீடு விரிஞ்சிபுரம். அங்கே அம்மன் மரகதாம்பிகை. நேற்று ராத்திரி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, “மரகதம்... மரகதம்...” என்று இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.