செத்த எதிரியையும் சேர்த்து எண்ணச் சொல்லிக் கொடுப்பவர்களுக்கு

ஒரு கதவு திறக்காததால் மூன்று வார இரவுகள் போயின. பகல் முழுக்க வேலை. இரவு பத்து மணிக்கு மேல்தான், கணினி விளையாட்டு உருவாக்கும் எஞ்சினான (மென்பொருளான) கோடோட்டைத் திறக்க முடிகிறது. கிடைக்கிற அந்த இரண்டு மணி நேரத்தையும் இந்தக் கதவு தின்றுவிட்டது.

விஷயம் இதுதான். என் விளையாட்டில் ஓர் அறை, உள்ளே ஐந்து எதிரிகள். ஐந்தும் செத்தால் கதவு திறக்க வேண்டும். கோடோட்டில் விளையாட்டின் ஒவ்வொரு உறுப்பும் ஒரு நோடு; ஒரு நோடுக்குக் கீழே தொங்குபவை அதன் சைல்டுகள். எதிரிகள் எல்லாம் ஒரே நோடுக்குக் கீழே சைல்டுகளாக இருக்கின்றன. எதிரி சாகும்போது அதை அழிக்கச் சொல்லும் க்யூ_ஃப்ரீ, அடுத்த வரியில் எத்தனை சைல்டு இருக்கிறது என்று எண்ணும் கெட்_சைல்ட்_கவுண்ட். பூஜ்யம் வந்தால் கதவைத் திற. ஆனால் பூஜ்யம் வரவே வராது. நான் பார்த்துக் கற்ற காணொளியில் அந்த ஆசிரியருக்கும் வரவில்லை. அதற்கு அவர் சொன்னது என்ன தெரியுமா? "பூஜ்யத்துக்குப் பதிலா ஒன்றுன்னு போடுங்க, வேலை செய்யும்." ஏன் ஒன்று என்று ஒரு வார்த்தை இல்லை. அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

நானும் ஒன்று என்று போட்டேன். வேலை செய்தது. அப்புறம் விளையாட்டில் வெடிகுண்டைச் சேர்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பையனிடம் விளையாடக் கொடுத்தேன். கடைசி இரண்டு எதிரிகளையும் ஒரே குண்டில் சாய்த்தான். கதவு திறக்கவில்லை. அந்தக் காலி அறையில் பத்து நிமிடம் சுற்றினான். ஒவ்வொரு சுவரையும் முட்டிப் பார்த்தான். "மாமா, சாவி எங்க இருக்கு? நான் எதையோ விட்டுட்டேனா?" என்று கேட்டான். சரியாக விளையாடிய பிள்ளை, தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டான். எனக்கு வயிறு எரிந்தது.

காரணம் க்யூ_ஃப்ரீ என்ற பெயரிலேயே இருக்கிறது; க்யூ என்றால் வரிசை. க்யூ_ஃப்ரீ நோடை உடனே அழிப்பதில்லை. அழிக்க வேண்டியவற்றின் வரிசையில் நிறுத்துகிறது. அந்த ஃபிரேம், அதாவது திரையில் ஒரு படம் வரும் நேரம், முடியும்போதுதான் நோடு போகும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் சுமார் 17 மில்லி செகண்ட். அதுவரை செத்த எதிரியும் சைல்டுதான், கணக்கில் வரும். எஞ்சினைக் குறை சொல்ல மாட்டேன். நோடோடு சேர்த்து எழுதிய கோடான ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நோடை உருவினால் கோளாறு வரும், அதனால்தான் அந்த வரிசை. கோடோட்டின் ஆவணத்திலும் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்போது குண்டு வெடிப்பதைப் பாருங்கள். முதல் எதிரி சாகிறது, எண்ணினால் இரண்டு. அதே ஃபிரேமில் அடுத்ததும் சாகிறது, எண்ணினால் மறுபடியும் இரண்டு. ஒன்று என்ற எண் எந்த நேரத்திலும் வரவில்லை. ஃபிரேம் முடிந்ததும் இரண்டும் போய்விட்டன. ஆனால் அதற்கப்புறம் எண்ண ஆளே இல்லை.

உதவி கேட்டால், "ஒரு ஃபிரேம் அவெய்ட் போடுங்க" என்றார்கள், அதாவது ஒரு ஃபிரேம் காத்திருக்கச் சொல்லும் வரி. எங்கே போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எதிரியின் ஸ்கிரிப்டுக்குள் போட்டேன். காத்திருக்கும்போதே எதிரி அழிந்துவிட்டது, அவெய்ட்டுக்குக் கீழே இருந்த வரிகள் ஓடவே இல்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. அதில் மட்டும் நான்கு இரவுகள்! இன்னொருவர் எதிரிகளை ஒரு குரூப்பில், அதாவது ஒரே பெயரிட்ட பட்டியலில், போட்டு எண்ணச் சொன்னார். குரூப்பிலும் ஃபிரேம் முடியும்வரை செத்தது இருக்கத்தான் செய்யும். இதுபோக, அதே நோடுக்குக் கீழே ஒரு டைமரை வைத்திருந்தால் அதுவும் கெட்_சைல்ட்_கவுண்ட் கணக்கில் சேரும். எதிரிகளை இன்னொரு நோடுக்குள் அடுக்கி வைத்திருந்தால் அவை சேரவே சேராது, ஏனென்றால் அது நேரடி சைல்டுகளை மட்டும்தான் எண்ணும்.

எத்தனை நோடு தொங்குகிறது என்பது வேறு, எத்தனை எதிரி உயிரோடு இருக்கிறது என்பது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. அதற்கு எண்ணிக்கையை வைத்துக்கொள்ள ஒரு வேரியபிள் போதும். எதிரியை உருவாக்கும்போது ஒன்று கூட்டு. சாகும்போது எதிரி ஒரு சிக்னல், அதாவது "நான் செத்தேன்" என்ற அறிவிப்பை, அனுப்பட்டும், அறையின் ஸ்கிரிப்ட் ஒன்று கழிக்கட்டும். பூஜ்யம் வந்ததும் கதவு திறக்கட்டும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: செத்த எதிரி ஃபிரேம் முடியும்வரை அங்கேயே நிற்பதால், அதே ஃபிரேமில் இன்னொரு தோட்டா பட்டு சிக்னல் இரண்டு முறை போகலாம். அதனால் "செத்தாச்சு" என்று ஒரு பூலியனை (ட்ரூ, ஃபால்ஸ் என்ற இரண்டில் ஒன்றை மட்டும் வைத்திருக்கும் வேரியபிளை) வைத்து, முதல் அடியிலேயே அதை ட்ரூ ஆக்கிவிட வேண்டும். மொத்தமே ஆறேழு வரிதான்.

இந்த ஆறேழு வரியைச் சொல்லித்தர எத்தனை நேரம் ஆகும்? ஒரு நிமிடம்? சொல்லித்தர உட்கார்ந்துவிட்டு, பூஜ்யம் வராத இடத்தில் ஒன்று என்று எழுதி மூடி மறைப்பது என்ன பழக்கம்? உங்களுக்கே புரியவில்லை என்றால் "எனக்கும் புரியவில்லை" என்று சொல்லியிருக்கலாமே. அன்றைக்கே ஆவணத்தைத் திறந்து படித்திருப்பேன். உங்களை நம்பியதால்தான் என் கோடில் வேறு எங்கேயோ தப்பு இருக்கிறது என்று மூன்று வாரம் தேடினேன். அந்தக் காணொளி இன்னும் அப்படியே இருக்கிறது. இன்றும் யாரோ ஒரு பிள்ளை அதைப் பார்த்து ஒன்று என்று எழுதிக்கொண்டிருக்கும். தயவுசெய்து அதைத் திருத்துங்கள்.